போத்தல் வீட்டுக்குரியது

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது எம் முன்னோர் வாக்கு. வறுமை அழுக்குக்கு நியாயமாகாது என்பதே அதன் கருத்து. விடிந்ததும் முற்றத்தைக் கூட்டிச் சாணநீர் தெளித்தலும், அடுக்களைப் பாத்திரங்களைப் பளபளக்க விளக்கிவைத்தலும், வெள்ளிக்கிழமைதோறும் வீடு கழுவுதலும் ஈழத்துத் தமிழர் இல்லங்களில் ஒழுக்கத்தின் ஒரு கூறாகவே மதிக்கப்பட்டு வந்தன. இன்றும் அவ்வழக்கம் முற்றாக அருகிவிடவில்லை. ஆயினும், வீடு கழுவிய நீர் வடிந்தபின் அவ்வீட்டின் கோடிப்புறத்துக்கு ஒருமுறை சென்று பார்ப்போமாயின் வேறொரு காட்சியைக் காண்போம். பாத்திரம் கழுவும் திரவம் வந்த போத்தல், நிலம் துடைக்கும் மருந்து வந்த போத்தல், சலவைத்தூள் வந்த பை, ஷம்பூ வந்த சிற்றுறை ஆகியன வேலியோரத்திற் குவிந்து கிடக்கும். மாலையானதும் அவற்றைப் பனஞ்சருகோடு கூட்டிக் கொளுத்துகின்றோம். கரும்புகை எழுந்து அயல்வீட்டுக் கொடியில் உலரும் உடுப்புகளின்மேற் படிகின்றது.

வீட்டைத் தூய்மை செய்யும் முயற்சியே அயலை அழுக்காக்குகின்றது. இம்முரண்பாடு எங்ஙனம் விளைந்தது? இதனைத் தீர்க்க வழியுண்டா? இவ்விரு வினாக்களையுமே ஈண்டு ஆராய விரும்புகின்றோம்.

அளவாயிருந்த போத்தல்

இக்குப்பையை ஊன்றி நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். இதிற் பெரும்பகுதி நாம் விரும்பி வாங்கிய பொருளன்று. அப்பொருள் வந்த கலமே. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு மாதத்தில் முடிந்துவிடுகின்றது. அதனைத் தாங்கிவந்த பிளாஸ்டிக் போத்தலோ எம் பேரப்பிள்ளைகளின் காலத்துக்குப் பின்னரும் மண்ணில் மக்காது கிடக்கும்.

முன்னர் இந்நிலை இருக்கவில்லை. எம் நாட்டில் ‘போத்தல்’ என்ற சொல் ஒரு கலத்தின் பெயராக மட்டுமன்றி ஓர் அளவின் பெயராகவும் வழங்கி வந்தது. ‘அரைப் போத்தல் தேங்காயெண்ணெய்’, ‘கால் போத்தல் நல்லெண்ணெய்’, ‘ஒரு போத்தல் மண்ணெண்ணெய்’ என்றே கடையிற் கேட்டனர். கேட்டவர் கையில் வீட்டிலிருந்து கொண்டுசென்ற போத்தல் இருக்கும். அதன் கழுத்திற் கயிறு கட்டியிருக்கும். கடைக்காரர் புனல் வைத்து அளந்து ஊற்றுவார். சீனியும் பருப்பும் உமலில் வரும். சோடா குடித்தவர் வெறும்போத்தலைத் திருப்பிக் கொடுத்துக் கட்டுக்காசை மீளப் பெறுவார்.

இவ்வேற்பாட்டின் அடிப்படை யாதெனில், ஒவ்வொரு கலத்துக்கும் ஓர் உடையவர் இருந்தார் என்பதே. எண்ணெய்ப் போத்தல் வீட்டுக்குரியது. சோடாப் போத்தல் கடைக்குரியது. ஆதலால் இரண்டும் தெருவுக்கு வரவில்லை. இன்று நாம் வாங்கும் துப்புரவுப் பொருள்களின் கலங்களோ செய்தவருக்கும் உரியனவல்ல, விற்றவருக்கும் உரியனவல்ல, வாங்கியவருக்கும் உரியனவல்ல. உடையவரில்லாத பொருளுக்கே குப்பை என்று பெயர்.

பனம்பழம் கற்பித்த பாடம்

கலம் இவ்வாறு மாறியதற்கு முன்னரே கலத்தினுள் இருந்த பொருள் மாறிவிட்டது. அதன் வரலாற்றையும் சிறிது அறிதல் வேண்டும்.

எம் பாட்டிமார் பாத்திரம் விளக்கியது சாம்பலினாலும் தேங்காய்த் தும்பினாலும். பித்தளைக்கும் செம்புக்கும் பழப்புளி. உடுப்புக்கு உவர்மண். பட்டுக்கும் நகைக்கும் பூவந்திக்கொட்டை. தலைமுழுக்குக்குச் சீயாக்காயும் அரப்பும். இவற்றை அறியாமையின் சின்னங்கள் என எண்ணுதல் தவறு. சாம்பலிலுள்ள காரம் பாத்திரத்தின் எண்ணெய்ப்பசையோடு சேர்ந்து அதனைச் சவர்க்காரமாகவே மாற்றிவிடுகின்றது. பழப்புளியிலுள்ள அமிலம் செம்பிற் படிந்த களிம்பைக் கரைக்கின்றது. பூவந்தியின் தோலிலும் சீயாக்காயிலும் ‘சப்போனின்’ என்னும் நுரைக்கும் பொருள் இயற்கையாகவே அமைந்துள்ளது. இரசாயனம் என்ற பெயரை அறியாமலே எம் முன்னோர் அதன் பயனை அறிந்திருந்தனர்.

1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்ந்தோர் இவ்வறிவை மீண்டும் பெற்றனர். சவர்க்காரம் கிடைத்தற்கரிய பண்டமாயிற்று. கிடைத்தவிடத்தும் அதன் விலை ஏழைகளுக்கு எட்டவில்லை. அப்போது பனந்தோப்புகளில் விழுந்து கிடந்த பழங்களைப் பொறுக்கிவந்து, களியைப் பிசைந்து, உடுப்புத் தோய்த்தனர். நுரை வந்தது, அழுக்கும் போயிற்று. பழவாசனை மட்டும் எளிதிற் போகவில்லை. கொடியிற் காய்ந்த சட்டையை மாடு வந்து சப்பிய கதையை இன்றும் சொல்லிச் சிரிப்பவர் உளர். பனங்களிக்குக் கைப்பைத் தரும் ‘பிளபெலிபெரின்’ என்னும் பொருள்களை ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவையும் சப்போனின் வகையைச் சார்ந்தனவே. துன்பம் கற்பித்த பாடத்துக்கு விஞ்ஞானமும் சான்று கூறுகின்றது.

நிற்க. இவற்றையெல்லாம் எடுத்துக் கூறுவது, ‘சாம்பலுக்கே திரும்பிச் செல்லுங்கள்’ என்று உபதேசிப்பதற்காகவன்று. அவ்வாறு உபதேசிப்பவர் பெரும்பாலும் ஆடவராகவே இருப்பர். சாம்பலைச் சலித்தவளும், பூவந்தியை ஊறவைத்து அவித்து வடித்தவளும், பனங்களியில் உடுப்புத் தோய்த்துக் கைசோர்ந்தவளும் பெண்ணே. இன்று அவள் பாடசாலையிற் கற்பிக்கின்றாள், அலுவலகத்திற் பணிபுரிகின்றாள், தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைக்கின்றாள். அடுக்களையில் விறகடுப்பே இல்லாத வீட்டிற் சாம்பலுக்கு எங்கே போவது? சுற்றாடலைக் காக்கும் பாரத்தை அவள் தலையில் மட்டும் ஏற்றும் எந்தத் திட்டமும் நீதியானதன்று, நிலைத்து நிற்கப்போவதுமன்று.

நுரையின் வரலாறு

செயற்கைச் சலவைத்தூள் எம் வீடுகளில் வேரூன்றியதற்கு விளம்பரம் மட்டுமே காரணமன்று. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறைகளினூடாக ஊறிவரும் வன்னீர். அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து வெண்திரையாகப் படிந்துவிடும். சவர்க்காரம் கரையும், நுரையோ எழாது. செயற்கைத்தூள் அவ்வாறன்றி வன்னீரிலும் நுரைத்தது. எனவே மக்கள் அதனை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை. ஆயினும் தேங்காயெண்ணெயிற் செய்த சவர்க்காரம் கடல்நீரிலும் நுரைக்கும் இயல்புடையது என்பதும், கப்பலோட்டிகள் அதனையே தேடி வாங்கினர் என்பதும் நாம் மறந்துவிட்ட செய்திகள்.

செயற்கைத்தூள் பரவிய தொடக்கத்தில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் பெருந்தொல்லைக்குள்ளாயின. அக்காலத்துத் தூள்களிற் சேர்ந்திருந்த நுரைப்பொருளை நுண்ணுயிர்களால் எளிதிற் சிதைக்க இயலவில்லை. ஆறுகளில் நுரை மலைபோற் பொங்கி மிதந்தது. மேற்கு ஜேர்மனி 1961இற் சட்டமியற்றி, 1964 முதல் நடைமுறைப்படுத்தியது. அமெரிக்கத் தொழிலகங்களும் 1965இல் எளிதிற் சிதையும் வேறொரு நுரைப்பொருளுக்கு மாறின. பின்னர், தூளிலுள்ள பொசுபேற்று ஏரிகளிற் பாசியைப் பெருக்கி மீன்களின் மூச்சை அடைக்கின்றது என்பதும் தெரியவந்தது. அதனையும் பல நாடுகள் கட்டுப்படுத்தின.

இவ்வரலாறு எமக்கு அந்நியமானதன்று. வற்றாத ஆறுகளற்ற குடாநாட்டில், கழுவிய நீர் போகும் இடம் நிலத்தடி. குடிக்கும் நீர் வரும் இடமும் அதுவே. சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடாக மேலிருந்து கீழிறங்குவது விரைந்து இறங்கும். வயலிலிட்ட உரமும் மலக்குழிக் கசிவும் கிணறுகளில் நைத்திரேற்றைப் பெருக்கியதை நாம் கண்டுவிட்டோம். ஆகவே இன்று எமது தொட்டியில் ஊற்றும் திரவம் நாளை எமது செம்பில் வரலாம் என்ற எண்ணம் ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் வேண்டும். நுரை மிகுதியாக வந்தால் அழுக்கும் மிகுதியாகப் போகும் என்பது வெறும் மயக்கம். கூறிய அளவிற் பாதியே பெரும்பாலான வீட்டுவேலைக்குப் போதுமா என்று ஒவ்வொருவரும் சோதித்தறியலாம்.

சிறிய உறையின் பெருங்கதை

இனி, கலத்தின் கதைக்கு மீள்வோம். ஷம்பூ முதலியன ஒருகாலத்திற் பெரிய போத்தல்களிலேயே விற்கப்பட்டன. செல்வர் மட்டுமே அவற்றை வாங்கினர். 1970களிற் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் என்னும் தமிழர், செல்வர் துய்ப்பதைக் கூலித்தொழிலாளியும் துய்க்கவேண்டும் என்ற எண்ணத்தோடு, ஒருமுறை பயன்படுத்தும் அளவைச் சிற்றுறையில் அடைத்து விற்கும் வழியை உருவாக்கினார். அவருடைய மக்கள் அதனைப் பெருவணிகமாக வளர்த்தனர். பின்னர் பெருங்கம்பனிகளும் அவ்வழியைப் பின்பற்றின. தென்னாசியாவின் சிற்றூர்க் கடைகளெங்கும் உறைகள் தோரணம்போலத் தொங்கலாயின.

அந்நோக்கம் நல்லது என்பதை மறுப்பாரில்லை. விளைவோ வேறாயிற்று. பிளாஸ்டிக்கையும் அலுமினியத் தகட்டையும் ஒட்டிச் செய்த அவ்வுறையை இலாபகரமாகப் பிரித்தெடுத்து மீள்பயன் செய்ய இயலாது. பழைய இரும்பு வாங்குபவரும் அதனை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அன்றியும், சிறிதுசிறிதாக வாங்குபவர் பொருளுக்கு மட்டுமன்றி ஒவ்வொரு முறையும் உறைக்கும் சேர்த்தே விலை கொடுக்கின்றார். மொத்தமாக வாங்கக் காசில்லாத ஏழை, வீசியெறிவதற்கென்றே ஒரு பொருளைத் தினந்தோறும் வாங்குகின்றார். இதனைச் சமத்துவம் என்று எங்ஙனம் கூறுவது?

இலங்கை அரசு உணவும் மருந்தும் தவிர்ந்த பொருள்களுக்கு 20 மில்லிலீற்றரும் 20 கிராமும் அதற்குக் குறைந்தனவுமான சிற்றுறைகளை 2021 மார்ச் 31 முதல் தடைசெய்தது. அதற்கு முன்னரே, 2017இல் மெல்லிய பொலித்தீன் பைகளுக்கும் தடை விதித்தது. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும் சிற்றளவு வாங்கவேண்டிய தேவை ஏழையின் வீட்டில் இருக்கும்வரை, அத்தேவையை வேறு வகையில் நிறைவேற்றும் வழி கடையில் இருத்தல் வேண்டும். அன்றேல் தடை காகிதத்திலே நின்றுவிடும்.

மலையும் கடலும்

‘ஒரு போத்தல் தானே’ என்று நாம் எறிகின்றோம். எறிந்தவை எங்கே சேர்கின்றன என்பதற்கு அண்மைக்கால வரலாறு விடை கூறும். 2017 ஏப்பிரல் 14ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பையடுத்த மீதொட்டமுல்லவில் தலைநகரின் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பத்திரண்டு உயிர்கள் மாண்டன. அவர்கள் குவித்த குப்பையன்று அது. குப்பைக்கு அருகே குடியிருக்க நேர்ந்த ஏழைகள் அவர்கள். வருடப்பிறப்புக்காக எத்தனையோ வீடுகள் கழுவித் துடைக்கப்பட்ட நாளிலே அவர்களின் வீடுகள் மண்ணோடு மண்ணாயின என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு கனக்கின்றது.

அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டிற் குப்பைமேட்டை நாடிவந்த காட்டுயானைகள் பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் தின்று மடிந்தன. எட்டாண்டுகளில் ஏறக்குறைய இருபது யானைகள் இவ்வாறு இறந்ததாக 2022இற் செய்திகள் வெளிவந்தன. 2021 மே மாதத்திற் கொழும்புக்கு அப்பாற் தீப்பற்றிய ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ என்னும் கப்பலிலிருந்து ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலிற் சிந்தின. பைகளும் போத்தல்களும் ஆகவேண்டிய மூலப்பொருள் அது. போத்தலாக உருப்பெறுவதற்கு முன்னரே எம் கடற்கரையைப் பாழாக்கியது. போத்தலாகிய பின்னர் எம் கோடிப்புறத்தைப் பாழாக்குகின்றது. யாழ்நகரின் குப்பை சேரும் கல்லுண்டாய் வெளியைக் கடந்து செல்வோர், காற்றுவழி வரும் புகையை முகர்ந்தே இதனை அறிவர்.

மீள நிரப்பும் கடை

தீர்வு புதிய பொருளொன்றைக் கண்டுபிடிப்பதில் இல்லை. பழைய உறவொன்றைப் புதுப்பிப்பதிலேயே உள்ளது. கலம் வீட்டில் இருக்கட்டும். பொருள் மட்டும் கடையிலிருந்து வரட்டும். தென்னமெரிக்காவிலுள்ள சிலி நாட்டில் 2010களின் தொடக்கத்தில் இவ்வெண்ணம் ஒரு தொழிலாக உருப்பெற்றது. தலைநகரான சந்தியாகோவின் ஏழைப்பகுதியொன்றிற் குடியிருந்த ஹொசே மனுவல் மொல்லர் என்னும் மாணவர், சிறு பொதிகளில் வாங்குவோர் நாற்பது வீதம் வரை கூடுதலாகச் செலவிட நேர்வதைக் கண்டார். அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் ‘அல்கிறாமோ’. ‘கிராம் அளவில்’ என்பது அதன் பொருள். மக்கள் தம் கலத்தைக் கொண்டுவந்து, வேண்டிய அளவு சலவைத்திரவத்தை நிரப்பிச் செல்கின்றனர். சிறிதளவு வாங்கினும் விலைவிகிதம் ஒன்றே. சின்னி கிருஷ்ணனின் நோக்கமும் இங்கு நிறைவேறுகின்றது, குப்பையோ சேர்வதில்லை.

சிலியிற் புதுமையாகத் தோன்றிய இவ்வழி எமக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போரின் பங்கீட்டுக் காலத்திலே பெருகி, 1957இற் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாக வளர்ந்த சங்கக்கடைகள் இதனைச் செய்தே வந்தன. மண்ணெண்ணெயை அளந்து ஊற்றிய அக்கைகளுக்குப் பாத்திரம் கழுவும் திரவத்தை அளந்து ஊற்றுதல் அரிய செயலாகுமா? இத்திரவங்களிற் பெரும்பகுதி நீரே. கொழும்பிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரம் நீரைப் பிளாஸ்டிக்கில் அடைத்துக் கொண்டுவருகின்றோம்! செறிவான கரைசலைப் பெரும்பீப்பாவிற் தருவித்து, இங்கேயே அளவாக நீர்கலந்து, கொண்டுவரும் கலத்தில் நிரப்பிக் கொடுக்கலாம். தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரத்தைக் கிராமத்துச் சிறு தொழிலாகவே செய்யலாம்.

கணக்கு எளியது. மாதம் ஒரு போத்தல் வாங்கும் முந்நூறு வீடுகளுள்ள கிராமம், ஓராண்டில் 3,600 போத்தல்களை எறிகின்றது. ஒவ்வொரு வீடும் ஒரே போத்தலைப் பன்னிரண்டு முறை நிரப்புமாயின் முந்நூறு போத்தல்களே போதும், அவையும் எறியப்படா.

இதிலுள்ள இடர்களையும் மறைத்தல் ஆகாது. நிரப்பிச் செல்லும் பொருளிற் கலப்படம் எளிது. பீப்பாவின்மீது பொருளின் பெயரும் கலந்த நாளும் எழுதப்படல் வேண்டும். அளவுக்கலங்கள் முத்திரையிடப்பட்டனவாக இருத்தல் வேண்டும். குளிர்பானப் போத்தலில் இவற்றை ஒருபோதும் நிரப்புதல் கூடாது. அத்தகைய போத்தலிலிருந்த மண்ணெண்ணெயைத் தண்ணீரென்று நம்பிக் குடித்த குழந்தைகளை எம் வைத்தியசாலைகள் பல தலைமுறையாக அறியும். குளோரின் சேர்ந்த வெளிற்றுநீரோடு அமிலமோ வினாகிரியோ கலந்தால் நச்சுவாயு எழும். அப்பச்சோடாவையும் வினாகிரியையும் ஒருங்கே கலந்தால் நுரை பொங்கும். ஆனால் ஒன்று மற்றொன்றின் வலிமையைப் போக்கிவிடும். தனித்தனியே பயன்படுத்தினாற்றான் பயனுண்டு. அன்றியும் ‘நிரப்புவதற்கு’ என்று கூறிக் கடைகளில் விற்கும் பொதிகள் பலவும் பல்லடுக்குப் பிளாஸ்டிக்கே. பச்சையிலை படம் பொறித்திருப்பதைக் கண்டு மயங்காது, ‘இவ்வுறை முடிவில் எங்கே போகும்?’ என்று கேட்டல் வேண்டும்.

நீரும் வாய்மையும்

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பறையில் ‘சூழலைக் காப்போம்’ என்று கட்டுரை எழுதுவிப்பதோடு அமையாது, ஒரு மாதம் தத்தம் வீட்டிற் சேர்ந்த துப்புரவுக் கலங்களை எண்ணி வருமாறு மாணவரைப் பணியுங்கள். அவ்வெண்களைக் கரும்பலகையிற் கூட்டிக் காட்டுங்கள். பின்னர் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒரு பீப்பா வைப்பதற்கு ஆவன செய்யுங்கள். நூறு கட்டுரைகள் செய்யாததை ஒரு கூட்டற்கணக்கும் ஒரு பீப்பாவும் செய்யும்.

புறத்தூய்மைக்கு நீரையும் அகத்தூய்மைக்கு வாய்மையையும் உரியனவாக வைத்தார் வள்ளுவர். மீள நிரப்பும் கடைக்கு இவ்விரண்டுமே வேண்டும். அளந்து ஊற்றுபவரிடம் வாய்மை இல்லையேல் மக்கள் மூடிமுத்திரையிட்ட போத்தலையே நாடுவர். வாங்குபவரிடம் வாய்மை இல்லையேல், தன் வீட்டைக் கழுவிப் பிறர் வாசலில் குப்பையைக் கொட்டுவதையே தூய்மை என்று நம்பிக்கொண்டிருப்பர். மீதொட்டமுல்லவில் மாண்ட முப்பத்திரண்டு பேரும் அந்நம்பிக்கையின் விலையைக் கொடுத்தவர்கள். அவ்விலையை இனியொருவர் கொடுக்காதிருக்கவேண்டுமாயின், நாளை கடைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாது, வீட்டுக்குரிய போத்தலை எடுத்துச் செல்லத் தொடங்குவோம். நிரப்பித் தரும் கடை இன்று இல்லையெனில், ‘ஏன் இல்லை?’ என்று கேட்டுவரவேனும் அது உதவும்.